பழைய சளி புது வைரஸைத் தடுக்குமா? 40 சதவீதக் கணக்கும் அதன் பிறகும்

மதுரைக்காரன் | 3 பிப்ரவரி 2025
2020 மே மாதம் 'செல்' இதழில் வந்த கலிஃபோர்னியா லா ஹோயா ஆய்வை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 2015 முதல் 2018 வரை எடுத்து உறையவைத்த ரத்தம். அப்போது கோவிட்டே கிடையாது. ஆனாலும் 40–60% பேருக்கு அந்த வைரஸைக் கண்டுகொள்ளும் டி செல் (கிருமியோடு போராடும் ஒரு வகை வெள்ளணு) இருந்தது. நம்மூரில் வருஷத்துக்கு நாலு தரம் சளி பிடிக்காத ஆள் யார்? பாதிப் பேருக்கு முன்னமே எதிர்ப்பு இருந்தது, அதனால்தான் முதல் அலையில் இந்தியாவில் சாவு குறைவு என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

குளிர்பெட்டி | 3 பிப்ரவரி 2025, இரவு
எண் சரி. அதிலிருந்து தாவிய இடம் சரியில்லை.

அந்த ஆய்வில் செய்தது இவ்வளவுதான்: ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்களோடு வைரஸ் புரதத்தின் துண்டுகளைச் சேர்த்து ஒரு நாள் வைத்தார்கள். பிறகு சிடி4 எனும் உதவி வகை டி செல்களில் எத்தனை விழித்துக்கொண்டு ஓஎக்ஸ்40, சிடி137 என்ற இரண்டு அடையாளங்களையும் சேர்த்துக் காட்டுகின்றன என்று எண்ணினார்கள். 40–60% என்பது அப்படிச் சில செல்களாவது வைத்திருந்த ஆட்களின் கணக்கு. ஒவ்வொருவரிடமும் எத்தனை இருந்தன என்பது வேறு கணக்கு. அது பெரும்பாலும் ஆயிரம் சிடி4 செல்லுக்கு ஒன்று, அல்லது அதற்கும் கீழே.

மூன்று கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். குழாயில் செல் விழிக்கிறதா? உடம்பில் தொற்றைத் தடுக்கிறதா? தொற்றிய பிறகு நோயைத் தணிக்கிறதா? முதலாவதற்கு ஆம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. சண்டை முழுக்க மூன்றாவதில்தான்.

இரண்டாவதற்கு ஏன் இல்லை என்றால், டி செல்லுக்கு வெளியே மிதக்கும் வைரஸ் தெரியாது. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்து, அதன் புரதம் துண்டாகி, ஹெச்எல்ஏ மூலக்கூறின் மேல் ஏறி வெளியே வந்து நின்றால்தான் தெரியும். அதாவது தொற்றிய பிறகு. வாசலிலேயே மறிப்பது ஆன்டிபாடியின் வேலை.

குளிர்பெட்டி | 4 பிப்ரவரி 2025
ரத்தக் குழாயை விட்டுவிட்டு ஆட்களையே பார்க்கலாம்.

2020 மார்ச் 10, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், ஸ்காஜிட் கவுன்டி. இரண்டரை மணி நேரப் பாட்டுப் பயிற்சி. வந்தவர்கள் 61. நோய் வந்தவர்கள் 53: சோதனையில் உறுதியானது 33, அறிகுறியை வைத்துச் சேர்த்தது 20. பாதிப் பேருக்குத் தொற்றைத் தடுக்கும் எதிர்ப்பு இருந்திருந்தால் இந்த எண்ணிக்கை வரவே வராது.

மும்பையில் 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் எடுத்த ரத்தக் கணக்கு: குடிசைப் பகுதியில் 57% பேருக்கு ஆன்டிபாடி, மற்ற இடங்களில் 16%. ஒரே ஊர், ஒரே சளி. வித்தியாசம் நெருக்கடியில். நீங்கள் சொல்வதுபோல் சளிப் பழக்கம் காப்பாற்றுமென்றால் சளி அதிகம் சுற்றும் குடிசைப் பகுதியில்தான் தொற்று குறைந்திருக்க வேண்டும்.

தஞ்சை டாக்டர் | 4 பிப்ரவரி 2025
பாட்டுக் குழு உதாரணம் கொஞ்சம் அநியாயம். அவர்களின் நடு வயது 69. குறுக்கு டி செல் (வேறு கிருமியிடம் பழகி, புது வைரஸையும் கண்டுகொள்வது) வயதோடு தேய்கிறது என்று பெர்லின் குழு 2021இல் 'சயின்ஸ்' இதழில் காட்டியிருக்கிறது. கிழவர்களை வைத்து வாலிபர்களின் கணக்கைப் போடாதீர்கள்.

குளிர்பெட்டி | 4 பிப்ரவரி 2025
நியாயம். வாலிபர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் சார்ல் தெ கோல், 2020 ஏப்ரல்: ஏறத்தாழ 1,760 மாலுமிகளில் ஆயிரத்துக்கும் மேல் தொற்று. பெரும்பாலோர் உடற்கட்டு உள்ள இளைஞர்கள். செத்தவர் யாருமில்லை. அதுவும் குறுக்கு டி செல்லின் புண்ணியம் என்று யாராவது கிளம்புவதற்கு முன் அவர்களின் வயதைப் பாருங்கள்.

பிஎச்டி கைதி | 6 பிப்ரவரி 2025
லா ஹோயா 40–60 என்கிறது. பெர்லின் ஷாரிட்டே 68 பேரில் 24, அதாவது 35% என்கிறது. வேறு இடங்களில் இன்னும் குறைவு. ஒரே விஷயத்துக்கு ஏன் இத்தனை எண்? எங்கள் லேபில் எலிஸ்பாட் (விழித்த செல் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகக் காட்டும் சோதனை) போட்டால் கோவிட்டுக்கு முந்தைய ரத்தத்தில் பாதி நாள் எதுவுமே வருவதில்லை.

குளிர்பெட்டி | 6 பிப்ரவரி 2025, நள்ளிரவு
கடைசியில் ஒரு நல்ல கேள்வி. நீளமாகப் போகும்.

முதலில் எதைக் கொடுத்தார்கள் என்று பார். லா ஹோயா வைரஸின் எல்லாப் புரதங்களையும் கொடுத்தது. பெர்லின் வைரஸின் மேல் நிற்கும் முள்ளான ஸ்பைக் மட்டும், அதையும் இரண்டு பாதியாக. ஆரோக்கியமானவர்களின் எதிர்வினை பெரும்பாலும் பின்பாதிக்கு, அதாவது எஸ்2 இருக்கும் பக்கத்துக்கு. அது நான்கு சளிக் கொரோனாக்களிலும் அதிகம் மாறாத பகுதி. 229ஈ, என்எல்63, ஓசி43, ஹெச்கேயு1 இந்த நான்கும்தான். நம் செல்லின் பூட்டைத் தேடிப் பிடிக்கும் ஆர்பிடி என்ற பகுதி முன்பாதியில் இருக்கிறது. அங்கே ஒற்றுமை மிகக் குறைவு.

அடுத்தது பெப்டைடு, அதாவது புரதத் துண்டுகளின் கலவை. இதில்தான் நிறைய லேப் சறுக்குகிறது. ஸ்பைக் 1,273 அமினோ அமிலம். 15 நீளத் துண்டு, 10 மேற்படிவு என்று வெட்டினால் 253 பெப்டைடு. ஒவ்வொன்றையும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மில்லிக்கு 20 மில்லிகிராம் கரைத்து, சம அளவு எடுத்துக் கலந்தால் கலவையில் ஒவ்வொன்றும் மில்லிக்கு 79 மைக்ரோகிராம்தான் மிஞ்சும். குழியில் ஒவ்வொன்றும் மில்லிக்கு 1 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் 79இல் ஒரு பங்கு ஊற்ற வேண்டும். டிஎம்எஸ்ஓ 1.27% ஆகிவிடும். 0.5%ஐத் தாண்டினாலே செல் சோர்ந்துவிடும். நீ பார்க்கும் "எதுவுமே வரவில்லை" இதுவாக இருக்கலாம். லா ஹோயா கலந்த பிறகு அதை உறைநிலையில் உலர்த்தி, மறுபடி மிகக் கொஞ்சம் டிஎம்எஸ்ஓவில் கரைக்கிறது. அந்த வசதி இல்லையென்றால் பெப்டைடுகளை மூன்று நான்கு சிறு கலவைகளாகப் பிரி. எதிர்மறைக் குழிகளுக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ போடு. வெறும் மீடியம் ஊற்றிவிட்டு "கன்ட்ரோல்" என்று எழுதாதே.

மூன்றாவது, செல்லின் உடல்நிலை. ரத்தம் எடுத்தது ஹெபாரின் குழாயில், அறை வெப்பத்தில், எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். ராத்திரி முழுக்கக் கிடந்தால் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் அடர்த்தி மாறி வெள்ளை அடுக்கிலேயே வந்து உட்கார்ந்து டி செல்லை அமுக்கும். ரத்தத்தை அடுக்குகளாகப் பிரிக்கும் ஃபைகால் திரவத்தின் மேல் மெதுவாகப் படிய ஊற்றி, சுழற்றியில் 400 ஜி, 30 நிமிடம், பிரேக் அணைத்து. பிரேக் போட்டால் அடுக்கு கலங்கும். உறையவைக்க 90% சீரம் (ரத்தத் தெளிநீர்), 10% டிஎம்எஸ்ஓ, நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறக்கம். மைனஸ் 80இல் இரண்டொரு நாள் வைத்துவிட்டு நைட்ரஜனுக்கு மாற்று. மைனஸ் 80இலேயே மாதக்கணக்கில் கிடந்த குப்பிகளில் செல் உயிரோடு இருப்பதுபோல் தெரியும், வேலை செய்யாது. "கோவிட்டுக்கு முந்தைய ரத்தம்" என்று எடுத்து வரும் பல குப்பிகளின் கதை இது. உருக்கிய பிறகு ஓர் இரவு ஓய்வு கொடு. எண்பது சதவீதம் உயிரோடு இல்லையென்றால் அந்தக் குப்பியை விட்டுவிடு.

நான்காவது, எண்ணுவது. குழிக்கு இரண்டரை லட்சம் செல் போடுகிறாய். கன்ட்ரோலில் 3 புள்ளி, பெப்டைடு குழியில் 7 புள்ளி. பத்து லட்சத்துக்கு 16 என்று எழுதுவாய், பார்க்கப் பெரிதாக இருக்கும். உண்மையில் 3க்கும் 7க்கும் இடையே தற்செயல் தாராளமாக விளையாடும். கன்ட்ரோலை ஆறு குழியாக ஆக்கு, பெப்டைடை மூன்றாக. வெட்டுக்கோட்டைக் கன்ட்ரோலின் இரண்டு மடங்கில் வைத்தால் ஒரு சதவீதம், மூன்று மடங்கில் வைத்தால் வேறொரு சதவீதம். நீ கேட்ட வித்தியாசத்தில் ஒரு பங்கு இந்தக் கோட்டில் இருக்கிறது.

இன்னொன்று: நீ போடும் எலிஸ்பாட் பார்ப்பது, விழித்த செல் விடும் சைட்டோகைன்களில் (சமிக்ஞைப் புரதங்களில்) ஒன்றான இன்டர்ஃபெரான் காமாவை மட்டும். விழிப்பு அடையாளம் பார்க்கும் முறை எந்த சைட்டோகைன் வந்தாலும், வராவிட்டாலும் பிடிக்கும். குறுக்குச் செல்கள் பலவும் ஐஎல்-2 என்ற வேறு சைட்டோகைனை மட்டும் விடும் வகை. உன் பிளேட்டில் அவை புள்ளியே வைக்காது.

பிஎச்டி கைதி | 7 பிப்ரவரி 2025
கணக்கு போட்டுப் பார்த்தேன். எங்கள் டிஎம்எஸ்ஓ 1.1%. எச்ஓடியிடம் யார் சொல்வது?

ரேவதி, நுண்ணுயிரியல் | 7 பிப்ரவரி 2025
அதைவிட 0.5% கன்ட்ரோல், 1.1% கன்ட்ரோல் இரண்டையும் அடுத்த பிளேட்டில், டி செல் எதையும் எழுப்பிவிடும் ஃபைட்டோஹீமாக்ளூட்டினினோடு போட்டுக் காட்டு தம்பி. புள்ளி குறைவதை அவரே பார்ப்பார். அப்படியே ஒரு திருத்தம்: குளிர்பெட்டி சொன்னதில் பிளேட்டை அசைக்கக் கூடாது என்பது விடுபட்டது. 18–20 மணி நேரம் இன்குபேட்டரில் இருக்கும்போது யாராவது கதவை அடித்துச் சாத்தினாலே புள்ளிகள் வால் முளைத்துப் போகும். பிவிடிஎஃப் சவ்வு உள்ள பிளேட்டை 35% எத்தனாலில் நனைப்பதும் ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் அடியில் ஒழுகும்.

குளிர்பெட்டி | 7 பிப்ரவரி 2025
அக்கா சொன்னது சரி, கதவு விஷயம் முக்கியம்.

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். "நினைவு செல்" என்ற முத்திரையைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2013இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் டேவிஸ் குழு ஹெச்ஐவி தொற்றே இல்லாத பெரியவர்களின் ரத்தத்தைப் பார்த்தது. ஹெச்ஐவியைக் கண்டுகொள்ளும் சிடி4 செல்கள் இருந்தன, அவற்றில் பலவும் நினைவு செல் உருவில். தொப்புள்கொடி ரத்தத்தில் அந்த உரு இல்லை. அதாவது வேறு ஏதேதோ கிருமிகளிடம் பழகியதில் தற்செயலாகப் பொருந்தியவை. ஹெச்ஐவிக்கு நமக்கு முன்னெதிர்ப்பு இருக்கிறது என்று யாராவது சொல்வோமா? கொரோனாவிலும் எல்லாக் குறுக்குச் செல்லும் சளிக் கொரோனாவின் பிள்ளைகள் அல்ல. குடல் பாக்டீரியாவுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

பிடியின் இறுக்கமும் பார்க்க வேண்டும். கீல் நகரத்தில் பெட்ரா பாகர் குழு 2020இல் காட்டியது: தொற்றாதவர்களின் குறுக்குச் செல்கள் பெப்டைடைத் தளர்வாகத்தான் பிடிக்கின்றன. கல்யாண வீட்டில் ஜாடையை வைத்து "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கும் தூரத்துச் சொந்தம் மாதிரி. குழாயில் நாம் மில்லிக்கு 1 மைக்ரோகிராம் என்று அள்ளிக் கொட்டுவதால் விழிக்கிறது. உடம்பில் அவ்வளவு கிடைக்காது. கலவையைப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று குறைத்துப் போட்டுப் பார்க்காத ஆய்வறிக்கையை அரைக் கண்ணால் படியுங்கள்.

மதுரைக்காரன் | 9 பிப்ரவரி 2025
எல்லாம் சரி சார். ஆனால் வீட்டில் நாலு பேருக்குக் கோவிட், கூடவே படுத்துக் கிடந்த அஞ்சாவது ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஊருக்கு ஊர் இருந்தார்களே. அவர்கள் கதை என்ன?

குளிர்பெட்டி | 10 பிப்ரவரி 2025
இங்கேதான் என் பக்கமும் கொஞ்சம் இளக வேண்டியிருக்கிறது.

லண்டனில் மாலா மைனி குழு, 2021 நவம்பர், 'நேச்சர்'. முதல் அலையில் மருத்துவமனை ஊழியர்களை வாரா வாரம் சோதித்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பிசிஆர் கடைசி வரை எதிர்மறை, ஆன்டிபாடியும் வரவில்லை. ஆனால் ரத்தத்தில் ஐஎஃப்ஐ27 என்ற மரபணு ஏறியிருந்தது. அது வைரஸ் உள்ளே வந்து போனதன் தடயம். டி செல் எண்ணிக்கையும் கூடியிருந்தது, அதுவும் ஸ்பைக்குக்கு அல்ல: வைரஸ் தன்னைப் படியெடுக்கும் இயந்திரத்தின் பாகங்களான என்எஸ்பி7, என்எஸ்பி12, என்எஸ்பி13க்கு.

ஏன் அவை? கொரோனா செல்லுக்குள் புகுந்ததும் தன் ஆர்என்ஏவிலிருந்து நேரடியாகச் செய்வது ஓஆர்எஃப்1 புரதங்களைத்தான், அதாவது இந்த என்எஸ்பிகளை. ஸ்பைக்கும், ஆர்என்ஏவைப் போர்த்தும் நியூக்ளியோகேப்சிடும் அதன் பிறகு, தனிச் சிறு ஆர்என்ஏக்கள் தயாரான பின்பு. முதலில் வரும் புரதத்தைக் கண்டுகொள்ளும் செல்லுக்கு நேரம் மிச்சம். அந்தப் பாகங்கள் சளிக் கொரோனாக்களிலும் அதிகம் மாறாதவை. சிங்கப்பூரில் பெர்ட்டோலெட்டி குழு 2020இலேயே, சார்ஸும் கோவிட்டும் தொடாதவர்களிடம் என்எஸ்பி7, என்எஸ்பி13 செல்களைக் கண்டது. லண்டன் ஊழியர்கள் சிலரின் கோவிட்டுக்கு முந்தைய ரத்தத்திலேயே இந்த வகைச் செல்கள் இருந்து, பிறகு பெருகின. ஆக, "முளையிலேயே கிள்ளிய தொற்று" என்பது நடக்கக்கூடியதுதான். தொற்றைத் தடுக்கவில்லை, வேர் பிடிக்க விடவில்லை.

தஞ்சை டாக்டர் | 10 பிப்ரவரி 2025
போன வாரம் "பெரும்பாலும் இல்லை" என்றீர்கள், இன்று "நடக்கக்கூடியது". நல்ல முன்னேற்றம்.

குளிர்பெட்டி | 11 பிப்ரவரி 2025
"பெரும்பாலும்" என்ற சொல் அதற்காகத்தான் அங்கே இருந்தது, டாக்டர்.

தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மூக்கில் விழுந்த வைரஸின் அளவு தெரியாது. 2021இல் லண்டனில் வேண்டுமென்றே தொற்றவைத்த சோதனை: 18–30 வயது, தடுப்பூசியும் போடாத, தொற்றும் வராத 34 பேரின் கணக்கு. மூக்கில் விட்டது மிகச் சிறிய அளவு, 10 தொற்று அலகு. 18 பேருக்குப் பிடித்தது, 16 பேருக்குப் பிடிக்கவில்லை. மதுரைக்காரர் "பார்த்தீர்களா, பாதி" என்பார். ஆனால் அளவைக் குறைத்தால் யாருக்கும் பிடிக்காது. பிறகு அந்தச் சோதனையில் தொற்றியவரும் தப்பியவருமாக 16 பேரை செல் செல்லாக ஆராய்ந்து 2024இல் வந்த கட்டுரையில், தப்பியவர்களிடம் தெரிந்தது முன்கூட்டியே ஹெச்எல்ஏ-டிகியூஏ2 என்ற மரபணு அதிகம் ஓடியதும், மூக்கில் உடனே நடந்த உள்ளார்ந்த எதிர்ப்பும்.

வீட்டுத் தொடர்பாளர்களில் எடுத்த ஒன்று இருக்கிறது. இம்பீரியல் கல்லூரி, அஜித் லால்வானி குழு, 2022 ஜனவரி. தொற்றாளரோடு இருந்த 52 பேர். தொற்றாத 26 பேரிடம் ஐஎல்-2 விடும் குறுக்குச் செல்கள் அதிகம், குறிப்பாக நியூக்ளியோகேப்சிடுக்கு. உங்கள் அஞ்சாவது ஆளுக்கு நெருங்கி வரும் சான்று இதுதான். 26க்கு 26. அதன் மேல் மாடி கட்ட முடியாது.

ரேவதி, நுண்ணுயிரியல் | 12 பிப்ரவரி 2025
ஹெச்எல்ஏ-பி*15:01 என்ற மரபணு வகையை விட்டுவிட்டீர்களே. 2023 ஜூலை, 'நேச்சர்', கலிஃபோர்னியா. எலும்பு மஜ்ஜை தானப் பதிவேட்டில் இருந்த ஏறத்தாழ 30,000 பேர், செல்பேசிச் செயலியில் அறிகுறியைப் பதிந்தவர்கள். 1,428 பேருக்குத் தொற்று, 136 பேருக்கு அறிகுறியே இல்லை. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த வகை. அறிகுறி வந்தவர்களில் 9% பேருக்குத்தான். ஸ்பைக்கின் ஒரு ஒன்பது எழுத்துத் துண்டு, ஓசி43இலும் ஹெச்கேயு1இலும் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறி இருக்கிறது. கோவிட்டுக்கு முந்தைய ரத்தத்தில் இந்த வகை உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேரின் டி செல் அதைப் பிடித்தது.

குளிர்பெட்டி | 12 பிப்ரவரி 2025
இத்தனை சான்றிலும் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். எந்த மரபணு, எந்தத் துண்டு, எந்தச் சளி வைரஸ், என்ன விளைவு: நான்கும் ஒரே கோட்டில் வருகின்றன. குறை இரண்டு. அறிகுறி அவரவர் சொன்னது. பகுப்பாய்வு வெள்ளையரில் மட்டும். நம்மவர் கணக்கை அதிலிருந்து எடுக்க முடியாது.

தஞ்சை டாக்டர் | 14 பிப்ரவரி 2025
டி செல்லையே சுற்றுகிறீர்கள். முன்னெதிர்ப்பு ஆன்டிபாடி வழியாக ஊரறிய வேலை செய்தது 2009 பன்றிக் காய்ச்சலில்.

குளிர்பெட்டி | 15 பிப்ரவரி 2025
ஆமாம், மதுரைக்காரருக்கு அப்போதே அதைத்தான் காட்டியிருக்க வேண்டும். உண்மையான முன்னெதிர்ப்பு இருந்தால் அது மறைந்து கிடக்காது, நோயாளிகளின் வயது வரிசையிலேயே பளிச்சென்று தெரியும்.

2009இல் எச்1என்1 பரவியபோது அமெரிக்கச் சிடிசி பழைய சீரங்களைச் சோதித்தது. 60 தாண்டியவர்களில் மூன்றில் ஒருவருக்கு அந்தப் புது வைரஸைப் பிடிக்கும் ஆன்டிபாடி. 18–64 வயதில் 6–9%. 1980க்குப் பின் பிறந்தவர்களில் 4% அளவு. காரணம் தெளிவு: 1918 வைரஸின் வாரிசுகள் 1957 வரை மனிதரிடம் சுற்றின. அந்த ஆண்டு எச்2என்2 வந்து அவற்றை ஓரங்கட்டியது. 2009 வைரஸின் எச்ஏ (செல்லில் ஒட்டிக்கொள்ளும் மேல் புரதம்), பன்றிகளில் அதிகம் மாறாமல் கிடந்த 1918 வழி. அதன் தலைப்பகுதியில், பிற்கால மனித எச்1என்1கள் போர்த்திக்கொண்ட சர்க்கரைப் பூச்சு இல்லை. 1957க்கு முன் காய்ச்சல் கண்ட கிழவர்களின் ஆன்டிபாடிக்கு அது பழகிய முகம். விளைவு: வழக்கமான ஃப்ளூவில் இறப்பவர் பெரும்பாலும் முதியவர், 2009இல் இறந்தவர்களில் 80% பேர் 65க்குக் கீழ்.

இப்போது கோவிட்டின் வயது வரிசையைப் பாருங்கள். முதியவர் சரம் சரமாக விழுந்தார்கள். எண்பது வருடம் சளி பிடித்துப் பழகிய ஆளுக்கு அதனால் ஒரு காப்பும் கிடைக்கவில்லை.

சோதனை செய்கிறவர்களுக்கு: எச்ஏ தடுப்புச் சோதனையில் (வைரஸ் சிவப்பணுக்களைப் பிணைப்பதைச் சீரம் தடுக்கிறதா என்று பார்ப்பது) சீரத்தை ஆர்டிஇ நொதியோடு 37 டிகிரியில் ஓர் இரவு வைத்து, பிறகு 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்காமல் பழைய சீரங்களைத் தொடாதீர்கள். சீரத்திலேயே உள்ள சியாலிக் அமிலப் பொருட்கள் வைரஸைப் பிடித்துக்கொண்டு பொய்யான எதிர்ப்பைக் காட்டும். 1:10இல் தொடங்கி இரண்டிரண்டாகக் கரை. வைரஸ் 25 மைக்ரோலிட்டருக்கு 4 அலகு. ஒவ்வொரு முறையும் திருப்பி அளந்து பார்க்கவும். 8 ஆகிவிட்டால் எல்லாச் சீரமும் ஒரு படி கீழே விழும், "முதியவருக்கு எதிர்ப்பு இல்லை" என்று எழுதிவிடுவாய். வான்கோழிச் சிவப்பணு 0.5%. 1:40 என்ற கோடு, ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காப்பு என்ற பொருளில் வந்தது. அதைத் தாண்டினால் தொற்றாது என்று யாரும் சொல்லவில்லை.

மதுரைக்காரன் | 16 பிப்ரவரி 2025
அப்போ கொரோனாவுக்கு ஆன்டிபாடிக் குறுக்கு எதுவுமே இல்லையா?

குளிர்பெட்டி | 16 பிப்ரவரி 2025
இருக்கிறது. லண்டன் கிரிக் நிறுவனம், 2020: தொற்றாத பெரியவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு, ஒன்று முதல் பதினாறு வயதுப் பிள்ளைகள் 48 பேரில் 21 பேருக்கு எஸ்2ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி. பிள்ளைகளுக்குச் சளி ஓயாது, அதனால். ஆனால் பென்சில்வேனியா குழு கோவிட்டுக்கு முந்தைய சீரங்களை எடுத்து, பிறகு யாருக்குத் தொற்றியது என்று ஒப்பிட்டபோது குறுக்கு ஆன்டிபாடி உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் வித்தியாசம் இல்லை. பாஸ்டனில் எடுத்த கணக்கு நடுவில் நிற்கிறது: அண்மையில் சளிக் கொரோனா பிசிஆரில் உறுதியானவர்களுக்குத் தொற்று குறையவில்லை, தீவிரமும் இறப்பும் குறைந்தன.

குளிர்பெட்டி | 17 பிப்ரவரி 2025
இதை நேற்றே எழுதியிருக்கலாம். சளிக் கொரோனாவின் எதிர்ப்பு அதே சளிக் கொரோனாவையே தடுப்பதில்லை. பிரிட்டனில் சாலிஸ்பரியில் இருந்த சளி ஆய்வகம் 229ஈயைத் தன்னார்வலர்களின் மூக்கில் விட்டது. ஓராண்டு கழித்து மறுபடி அதே வைரஸ். முதல் தடவை தொற்றிய 9 பேரில் 6 பேருக்கு மறுபடி தொற்று. ஆனால் ஒருவருக்கும் சளி இல்லை, வைரஸ் வெளியேறிய நாட்களும் குறைவு. சொந்த வைரஸுக்கே இவ்வளவுதான் என்றால், தூரத்து வைரஸிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

மதுரைக்காரன் | 19 பிப்ரவரி 2025
இந்தியா கணக்குக்கு இன்னும் பதில் வரவில்லை.

குளிர்பெட்டி | 19 பிப்ரவரி 2025
வருகிறேன். ஐசிஎம்ஆர் நாடு முழுக்க எடுத்த ஆன்டிபாடிக் கணக்கு, இரண்டாம் சுற்று, 2020 ஆகஸ்ட்–செப்டம்பர்: 10 வயதுக்கு மேல் 6.6%. நான்காம் சுற்று, 2021 ஜூன்–ஜூலை: 67.6%, தடுப்பூசியும் சேர்த்து. தமிழ்நாட்டில் 2020 அக்டோபர்–நவம்பரில் 32%, 2021 ஏப்ரலில் 23%, ஜூலையில் 66%. நடுவில் இறங்கியது ஆன்டிபாடி கரைந்ததால். தொற்றியவர் குறைந்துபோகவில்லை.

2021 ஏப்ரலில் ஆக்ஸிஜனுக்கு வரிசையில் நின்றவர்கள் வேறு நாட்டவரா? அதே மக்கள், அதே சளி, அதே குறுக்கு டி செல். டெல்டாவின் மாற்றங்கள் பெரும்பாலும் ஆன்டிபாடி பிடிக்கும் இடங்களில். டி செல் துண்டுகள் அநேகமாக அப்படியேதான் இருந்தன. 2020இல் காப்பாற்றியது குறுக்குச் செல் என்றால் 2021இல் அது எங்கே போனது? முதல் அலையின் குறைவுக்கு இளைய மக்கள்தொகை, முதல் அலை எட்டிய ஆட்களின் எண்ணிக்கை, பதிவாகாத சாவு என்ற மூன்றையும் கழித்துவிட்டு மிச்சம் இருந்தால் அதைக் குறுக்குச் செல்லுக்குக் கொடுங்கள். கழிக்காமல் கொடுக்காதீர்கள்.

மதுரைக்காரன் | 20 பிப்ரவரி 2025
2021 கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகளுக்கு லேசாகப் போனதில் சளிக்குப் பங்கு உண்டு என்பதை மட்டும் விட மாட்டேன்.

சுப்பையா 1951 | 22 பிப்ரவரி 2025
இவ்வளவு நாள் படித்துக்கொண்டிருந்தேன். 1957க்கு முன் பிறந்தவன் என்பதில் முதல் முறையாகப் பெருமையாக இருக்கிறது. அமெரிக்காவில் மாட்டுக்கு வந்த எச்5என்1 இங்கே வந்தால் எனக்குக் காப்பு உண்டா?

குளிர்பெட்டி | 22 பிப்ரவரி 2025
ஐயா, உங்கள் பிறந்த வருடம் நல்ல வருடம்தான். 2016இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கணக்குப்படி, குழந்தையில் முதலில் கண்ட ஃப்ளூ எந்தக் குடும்பம் என்பது ஆயுளுக்கும் பேசும். எச்1, எச்2, எச்5 ஒரு குடும்பம். எச்3, எச்7 மற்றொன்று. 1968க்கு முன் பிறந்தவர்களுக்கு எச்5என்1 கடுமையாவது குறைவு, பின் பிறந்தவர்களுக்கு எச்7என்9. கடுமையான நோய்க்கு எதிராக 75% அளவுக் காப்பு என்று மதிப்பிட்டார்கள். இதுவும் எச்ஏவின் மாறாத தண்டுப் பகுதியின் வேலை, தலையின் வேலை அல்ல. போதாததற்கு 2009க்குப் பிறகு சுற்றும் எச்1என்1இன் என்1 (மற்றொரு மேல் புரதம்) வேறு எச்5என்1இன் என்1ஐ ஓரளவு ஒத்தது. அந்த எச்1என்1 தொற்றிய ஃபெரட்டுகளுக்கு (ஃப்ளூ சோதனைக்கு வைக்கும் சிறு விலங்கு) பிறகு எச்5என்1 கொடுத்தால் நோய் இளகித்தான் வருகிறது.

ஆனால் கோழிப் பண்ணைப் பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போக வேண்டாம். இந்த ஜனவரியில் லூசியானாவில் எச்5என்1இல் இறந்தவர் 65 தாண்டியவர்.

சுப்பையா 1951 | 22 பிப்ரவரி 2025
பெருமை அரை நாள்கூட நிற்கவில்லை.

பிஎச்டி கைதி | 25 பிப்ரவரி 2025
பழைய சீரத்தில் எச்5 குறுக்கைப் பார்க்கலாம் என்று ஆசை. செயலிழந்த ஆன்டிஜென் இருக்கிறது. அதே வான்கோழிச் செல் போதுமா?

ரேவதி, நுண்ணுயிரியல் | 25 பிப்ரவரி 2025
போதாது தம்பி. பறவை வைரஸ் ஆல்ஃபா 2,3 சியாலிக் அமிலத்தைப் பிடிக்கும். குதிரைச் செல்லில் அதுதான் நிறைய. 1% குதிரைச் செல், 0.5% பிஎஸ்ஏ கலந்த உப்புக் கரைசலில். குதிரைச் செல் மெதுவாகப் படியும், 60 நிமிடம் பொறு. அவசரப்பட்டு 30 நிமிடத்தில் படித்தால் தெளிவில்லாத குழிகள் வரும். இன்னொன்று, இந்தச் சோதனை தலைப்பகுதி ஆன்டிபாடியைத்தான் பார்க்கும். சுப்பையா ஐயாவின் தண்டு ஆன்டிபாடி இதில் பூஜ்ஜியம் காட்டும். அதற்குத் தலை வேறு, தண்டு ஒத்த கலப்பு எச்ஏவை வைத்து எலைசா (ஆன்டிபாடி ஒட்டுவதை அளக்கும் சோதனை) போடு.

மதுரைக்காரன் | 27 பிப்ரவரி 2025
கடைசியாக ஒன்று. டி செல் இருக்கிறதா என்று பணம் கட்டிப் பார்க்க முடியுமா?

குளிர்பெட்டி | 27 பிப்ரவரி 2025
டிபிக்குப் போடும் டி-ஸ்பாட் மாதிரியே கோவிட்டுக்கும் கிட் வந்தது. ஸ்பைக், நியூக்ளியோகேப்சிட் இரண்டுக்கு மட்டும். நீங்கள் தேடும் என்எஸ்பி7, 12, 13 அதில் இல்லை. போதாக்குறைக்கு இன்று நம் எல்லாருக்கும் தடுப்பூசியோ தொற்றோ இரண்டுமோ ஆகிவிட்டது. புள்ளி விழுந்தால் அது எந்தக் காலத்துச் செல் என்று அந்தப் பிளேட் சொல்லாது. 2019க்கு முன் நைட்ரஜனில் போட்ட உங்கள் ரத்தம் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், பிஎச்டி தம்பி டிஎம்எஸ்ஓவைச் சரிசெய்த பிறகு பார்க்கலாம்.